தொட்டி திறப்பு விழாவில் கலந்துகொண்டோர்

பிப்ரவரி 9

பேத்திக்கு,

தண்ணீர்த் தொட்டி திறந்த அன்று அங்கே இருந்தவர்கள்: நகரசபைத் தலைவர், அவர் பெண்டாட்டி, அந்த அம்மாவுக்குக் குடை பிடித்த டிரைவர். தண்ணீர் வாரிய இன்ஜினீயர், மூக்கைச் சிந்திக்கொண்டே. தொட்டி கட்டின கான்ட்ராக்டர், முதுகில் சுண்ணாம்பு ஒட்டியிருப்பது தெரியாமல். பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சர், அவள் வெயிலில் நிறுத்தி வைத்த நாற்பத்திரண்டு பிள்ளைகள். போட்டோ ஸ்டூடியோக்காரர். மைக் செட்காரர். எதிர்வீட்டுத் தையல்காரி. நான். தொட்டியில் தண்ணீர் திறந்துவிடும் வேலை பார்க்கிற என் தங்கச்சி மகள், அதாவது உன் அத்தை. ஒரு நொண்டி நாய். அவ்வளவுதான், வேறு யாரும் இல்லை.

நேற்று உன் பேப்பர் வந்தது. செய்திக்கு மேலே உன் பெயர் போட்டிருந்தது. உன் அப்பன் தெருவெல்லாம் காட்டிவிட்டு வந்தான். நானும் விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தேன். எனக்கு மூன்றாம் வகுப்புப் படிப்புதான், ஆனால் கண் இருக்கிறது. அன்றைக்கு நான் உன்னைத் தேடினேன். வந்திருந்தால் எங்கே நின்றாய்? பெற்ற அப்பன் வீடு நாலு தெரு தள்ளி இருக்க, பார்க்காமலே போகும் அளவுக்கு என்ன அவசரம்?

இன்னொன்று. சுகாதார ஆய்வாளர் தண்ணீரைச் சோதித்து, குடிக்கலாம் என்று சான்று கொடுத்தார், இரண்டு மூட்டை பிளீச்சிங் பவுடரை உன் அத்தை கையில் ஒப்படைத்தார் என்று எழுதியிருக்கிறாய். அந்த ஆள் வரவே இல்லையடி. அவருக்குப் போட்ட நாற்காலியில் கான்ட்ராக்டர் தன் பையை வைத்திருந்தார். பைக்கும் சேர்த்துப் பேர் போட்டிருக்கலாமே.

நான் சுகம். முழங்கால் மட்டும் சுகமில்லை. நீ வேளைக்குச் சாப்பிடு. அந்த லாட்ஜ் மாதிரி விடுதியில் தண்ணீரைக் காய்ச்சிக் குடி.

பாட்டி

•

பிப்ரவரி 16

அன்புள்ள பாட்டிக்கு,

நான் நலம். உங்கள் முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்கச் சொல்லி அம்மாவிடம் சொல்லுங்கள்.

கோபம் வேண்டாம் பாட்டி. வந்திருந்தேன். பின்னால் சுவர் ஓரமாக நின்று குறிப்பு எடுத்தேன். மூன்று மணிக்கு பஸ், அதை விட்டால் செய்தி அன்றைய பதிப்புக்குச் சேராது. அடுத்த முறை கட்டாயம் வீட்டுக்கு வருகிறேன்.

ஆய்வாளர் நீங்கள் வருவதற்கு முன் வந்து போயிருக்கலாம். பெரியவர்கள் வருவதற்குள் வேலையை முடித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

நல்ல சேதி ஒன்று. இரண்டு வருஷமாக நான் பகுதிநேர நிருபர்தானே? வெளியாகும் செய்தியை ஸ்கேல் வைத்து அளந்து அதற்கேற்பப் பணம் கொடுப்பார்கள். இப்போது மாவட்டத்துக்கு ஒரு நிரந்தர நிருபர் போடப்போகிறார்கள். தொட்டிச் செய்தியை ஆசிரியர் பாராட்டினார். "நிகழ்ச்சி மதியம் முடிஞ்சுது, மறுநாள் காலையில நம்ம பேப்பர்ல மட்டும்தான் முழுசா வந்திருக்கு. எப்படிம்மா?" என்று கேட்டார். கலந்துகொண்டவர்கள் பெயரை ஒன்று விடாமல் போட்டதும் அவருக்குப் பிடித்தது. பெயர் வந்தவர் பத்துப் பிரதி வாங்குவார். மாவட்டப் பேப்பர் ஓடுவதே அதில்தான்.

அத்தையைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் பேத்தி

•

பிப்ரவரி 20

பேத்திக்கு,

உன் கடிதம் வந்தது. எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். அதற்கு மேல் சொல்லும்படி இல்லை.

நீ நின்றதாகச் சொல்லும் சுவருக்கு அன்று காலைதான் பெயின்ட் அடித்திருந்தார்கள். நாய் உரசி அதன் பாதி உடம்பு நீலமாகித் திரிந்தது, பிள்ளைகள் சிரித்தார்கள். நீ சுவர் ஓரம் நின்றிருந்தால் உன் துணியும் நீலமாகியிருக்கும். அது கிடக்கட்டும். பொய்யைப் பிறகு பேசிக்கொள்வோம். இப்போது வேறு வேலை இருக்கிறது.

பன்னிரண்டாம் தேதியிலிருந்து பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு வாந்தி, பேதி. முப்பத்தோரு பிள்ளைகள் ஆஸ்பத்திரியில். தையல்காரியின் சின்னது கண் செருகிப்போய்க் கிடந்து, நேற்றுத்தான் வாய் திறந்து பேசியது. கடவுள் புண்ணியம், எதுவும் போகவில்லை. தொட்டியை யாரும் கழுவவில்லையாம். உள்ளே சிமென்ட் சாக்கும் செத்த எலியும் கிடந்ததாம். மருந்து போடாத தண்ணீர்.

பழி யார் தலையில்? உன் அத்தை தலையில். பவுடரை வாங்கி வைத்துக்கொண்டு தண்ணீரில் போடவில்லை என்று. வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். போலீஸிலும் எழுதிக்கொண்டார்கள். ஒன்பது வருஷம் தற்காலிக வேலை, வருகிற ஜூனில் நிரந்தரம் ஆகவேண்டியவள். தெருவில் பிள்ளை பெற்றவள் ஒருத்தியும் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை. "நான் மூணு தடவ பவுடர் கேட்டேன் பெரிம்மா, ஒரு தடவகூட தரல" என்று சொல்லிச் சொல்லி அழுகிறாள்.

ஆய்வாளர் என்ன காட்டுகிறார் தெரியுமா? உன் பேப்பரை. வெட்டி ஒட்டி பைலில் வைத்திருக்கிறார். "நான் வந்தேன், சோதிச்சேன், மூட்டையைக் குடுத்தேன், பேப்பர்லயே வந்திருக்கு" என்கிறார்.

நீ அங்கே இருந்ததாக நீயே சொல்கிறாய். அப்படியானால் அவர் வரவில்லை என்பதும் உனக்குத் தெரியும். உன் பேப்பரில் நாலு வரி எழுது. சுகாதார ஆய்வாளர் வரவில்லை, மூட்டை கொடுக்கவில்லை. அவ்வளவுதான் கேட்கிறேன். நாலு வரிக்கு ஸ்கேல்கூட வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

பாட்டி

•

மார்ச் 14

அன்புள்ள பாட்டிக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, மன்னியுங்கள். காய்ச்சல் இருந்தது. இப்போது பரவாயில்லை. நீங்கள் எல்லோரும் சுகம்தானே?

அத்தை விஷயம் கேட்டதிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. ஆனால் பேப்பரில் திருத்தம் போடுவது நீங்கள் நினைப்பதுபோல் சுலபம் இல்லை. "ஒருத்தனுக்குத் திருத்தம் போட்டா நாளைக்குப் பத்துப் பேர் வந்து நிப்பான்" என்பார் ஆசிரியர். அவர் வந்த பதினோரு வருஷத்தில் ஒரு திருத்தமும் வந்ததில்லை. அதை ஒரு பெருமையாகவே சொல்லுவார். நிரந்தர நிருபர் வேலைக்கு இன்னும் ஆணை வரவில்லை. இந்த நேரத்தில் நான் போய் நின்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

நான் நிரந்தரமாகட்டும் பாட்டி. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் அத்தைக்காக நானே ஒரு தொடர் எழுதுவேன். அதுவரை நீங்கள் யாரிடமும் எதுவும் பேச வேண்டாம்.

இங்கே வெயில் கடுமை. நிறையத் தண்ணீர் குடியுங்கள்.

உங்கள் பேத்தி

•

மார்ச் 18

பேத்திக்கு,

தண்ணீர் குடிக்கச் சொல்கிறாய். எந்தத் தண்ணீரை?

போட்டோ ஸ்டூடியோவுக்குப் போனேன். போன வருஷம் உன் அப்பனுக்கு எடுத்த பாஸ்போர்ட் படத்தில் ஒரு காதை விட்டுவிட்டான், அதிலிருந்து நான் அவனோடு பேசுவதில்லை. இதற்காகப் பேசினேன்.

"ஏம்பா, அன்னைக்கு என் பேத்தி எங்க நின்னா?"

"உங்க பேத்தியா? எங்க வந்தா? நான் படத்தைக் கழுவி பஸ்ல குடுத்துவிட்டேன். நியூஸ் முந்தின நாளே போயாச்சுன்னு அவதான் போன்ல சொன்னா."

"முந்தின நாளா? நடக்குறதுக்கு முன்னாடியேவா?"

"அழைப்பிதழைப் பார்த்து எழுதுறதுதான் பாட்டி. யார் யார் வர்றாங்க, என்ன பண்றாங்க, எல்லாம் அதுலயே அச்சடிச்சிருக்குமே. 'பங்கேற்கிறார்'ங்கிறதை 'பங்கேற்றார்'னு மாத்தினா செய்தி."

சொல்லிவிட்டுச் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து அழைப்பிதழைத் தேடி எடுத்தேன். இருக்கிறது, எட்டாவது வரி: நீர்த்தரச் சான்று வழங்கி, தொட்டிப் பணியாளரிடம் மருந்துப்பொருள் ஒப்படைப்பவர், சுகாதார ஆய்வாளர். உன் செய்தியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே வரிசை. கான்ட்ராக்டரின் நன்றியுரை வரைக்கும். அவர் நன்றி சொல்லவே இல்லை, விக்கல் வந்து உட்கார்ந்துவிட்டார்.

இதற்கா உன்னைப் படிக்க வைத்தோம்? நடக்காததை முன்கூட்டிச் சொல்ல ஜோசியக்காரன் போதுமே, அவனாவது கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறான். இருபத்தெட்டு வருஷம் ஆஸ்பத்திரியில் சலவைத் துணி எண்ணினேன். எழுதிவைக்கும் வழக்கமில்லை, எல்லாம் மண்டையில்தான். ஒரு தலையணை உறை குறைந்ததில்லை. அழுக்கு மூட்டையை அவிழ்க்காமல் "இதில் இருபது இருக்கும்" என்று நான் ஒருநாள் சொல்லியிருந்தால் மறுநாள் என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். உன் ஆபீஸில் அவிழ்க்காமல் எண்ணுகிறவளுக்குத்தான் பதவி உயர்வு போலிருக்கிறது.

வாரியத்தில் உன் அத்தைமேல் விசாரணை, ஏப்ரல் இருபத்திரண்டு. நான் சாட்சி சொல்லப் போகிறேன். அதற்குள் நீயே சொல்லிவிட்டால் உனக்குக் கௌரவம்.

பாட்டி

•

ஏப்ரல் 2

அன்புள்ள பாட்டிக்கு,

ஆமாம். நான் வரவில்லை.

அன்று தலைமை அலுவலகத்தில் எனக்கு நேர்காணல். நிரந்தர வேலைக்கு. தேதியை மாற்றச் சொன்னால் வேறு ஆளைப் பார்ப்பார்கள். தொட்டிச் செய்தி வராமல் போனால் நகரசபைத் தலைவர் எங்கள் ஆசிரியருக்கு போன் பண்ணுவார், விளம்பரத்தை நிறுத்துவார். அதனால் முந்தின நாள் சாயங்காலமே எழுதி பேக்ஸ் கடையிலிருந்து அனுப்பினேன். இந்த மாவட்டத்தில் எல்லா நிருபரும் செய்வதுதான் பாட்டி. ஒரு நாளைக்கு ஐந்து திறப்பு விழா, மூன்று பாராட்டு விழா. ஒருத்தி எத்தனை இடத்தில் நிற்பாள்? இத்தனை நாள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பேப்பர் வேலை இழுத்துக்கொண்டே போகிறது. இதற்கிடையில் தண்ணீர் வாரியத்தில் மக்கள் தொடர்பு உதவியாளர் என்று ஒரு இடம் வந்திருக்கிறது. அவர்களுக்குச் செய்திக் குறிப்பு எழுதித் தருவது, நிருபர்களைக் கவனித்துக்கொள்வது. அரசாங்க வேலை. அன்று வந்த இன்ஜினீயர்தான் என் பெயரைச் சொல்லியிருக்கிறார். அடுத்த மாதம் ஆணை வரும்.

நான் இதை வெளியில் சொன்னால் இரண்டும் போகும். இனி எந்தப் பேப்பரிலும் என்னை வாசல் ஏற விடமாட்டார்கள். உங்கள் காலில் விழுகிறேன், விசாரணைக்குப் போகாதீர்கள். அத்தைக்கு நான் வாரியத்துக்குள் இருந்தே ஏதாவது செய்கிறேன்.

உங்கள் பேத்தி

•

ஏப்ரல் 5

பேத்திக்கு,

நலம். நலமா?

போவேன்.

பாட்டி

•

ஏப்ரல் 27

பேத்திக்கு,

போனேன். நடந்ததை எழுதுகிறேன். நீ எழுதுவதுபோல் இல்லை, நடந்த பிறகு எழுதுகிறேன்.

வாரிய ஆபீஸ் மாடியில் ஒரு அறை. மேஜைமேல் கண்ணாடி, அதற்கடியில் பழைய காலண்டர் படம். விசாரணை அதிகாரி, டைப் அடிக்கிற பெண், மூக்குச் சிந்தும் இன்ஜினீயர், அந்த ஆய்வாளர், உன் அத்தை, நான். ஆய்வாளர் முகத்தை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். நல்ல சிவந்த, தூங்கி எழுந்த முகம். தொட்டி திறப்பன்று பார்த்திருந்தால் மறந்திருக்க மாட்டேன்.

"பாட்டிம்மா, இன்னைக்கு என்ன தேதி சொல்லுங்க பாக்கலாம்" என்றார் அதிகாரி, குழந்தையிடம் கேட்பதுபோல்.

"ஏப்ரல் இருபத்திரெண்டு. பத்து மணிக்கு வரச் சொன்னீங்க. இப்ப பன்னெண்டே கால். அதுக்குள்ள நீங்க ரெண்டு டீ குடிச்சாச்சு, இவருக்கு ஒண்ணு. எங்களுக்கு இல்ல."

டைப் அடிக்கிற பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அன்று இருந்தவர்களைச் சொல்லச் சொன்னார். சொன்னேன். உனக்கு எழுதின அதே வரிசையில், குடை பிடித்த டிரைவர் முதல் நாய் வரைக்கும். நாற்காலியில் பை இருந்ததையும் சொன்னேன். பையின் நிறம் கேட்டார். காப்பித்தூள் நிறம், பிடி அறுந்து நூல் போட்டுக் கட்டியிருந்தது என்றேன்.

"ஆனா பேப்பர்ல வேற மாதிரி வந்திருக்கே. எழுதினது உங்க பேத்திதானாமே? உங்க பேத்தி பொய் சொல்றாளா?"

அறையில் எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். உன் அத்தை என் முழங்கையைப் பிடித்தாள். வேண்டாம் பெரிம்மா என்பதுபோல. வேலை போன அவள், உனக்காகப் பிடித்தாள். அதையும் எழுதிவைக்கிறேன்.

"அவ அங்க இல்லீங்க. நான் தேடினேன்" என்றேன்.

அதிகாரி பைலைப் புரட்டி ஒரு தாளை எடுத்தார். "கோச்சுக்காதீங்க. உங்க குடும்பத்துல இருந்தே எழுதிக் குடுத்திருக்காங்க. ரெண்டு வருஷமா உங்களுக்கு ஞாபகம் தப்புதாம். ஆளை மாத்தி ஆளைச் சொல்றீங்களாம். நடக்காததை நடந்ததா சொல்றீங்களாம்."

"யார் எழுதினது?"

"அதைச் சொல்ல முடியாது. குடும்ப விஷயம்."

ஆய்வாளர் என்னைப் பார்த்துப் பாவப்பட்டுச் சிரித்தார். வராத ஆளுக்கு என்மேல் பரிதாபம். எழுபத்து மூன்று வயதில் என்னைப் பார்த்து யாரும் அப்படிச் சிரித்ததில்லை. டைப் அடிக்கிற பெண்ணிடம் அதிகாரி சொல்லச் சொல்ல என் காதால் கேட்டேன்: மூப்பின் காரணமாக நினைவு தவறியவர் என்பதால் இச்சாட்சியம் ஏற்கப்படவில்லை. பதினைந்து இருபது நாளில் உத்தரவு வரும் என்றார்கள். என்ன உத்தரவு என்று நாய்க்குக்கூடத் தெரியும்.

எழுதினது உன் அப்பன். வேறு யார்? உன் உத்தியோகத்துக்காக என்னைப் பைத்தியமாக்கினான். வந்து கேட்டேன். "சொல்லுடா, நீதானே?" குனிந்து செருப்பு வாரைச் சரிபண்ணிக்கொண்டே நின்றான். இல்லை என்று சொல்லவில்லை. அன்று முதல் நான் அவனோடு பேசவில்லை. தட்டை வைக்கிறேன், பேசுவதில்லை. நாற்பத்தொன்பது வருஷத்துக்கு முன் பத்து மாதம் சுமந்ததுகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது, அதை அவன் எழுதவில்லை போலிருக்கிறது.

உன்னிடம் இனி எதுவும் கேட்க மாட்டேன். உன் புது ஆபீஸில் முதல் செய்திக் குறிப்பு உன் அத்தையை வேலையிலிருந்து எடுத்ததுதானே? நன்றாக எழுது. கலந்துகொண்டவர்கள் பெயரை விட்டுவிடாதே.

பாட்டி

•

மே 19

பாட்டிக்கு,

நலம் கேட்க எனக்கு வாய் இல்லை.

நீங்கள் சொன்னதுதான் நடந்தது. வாரியத்திலிருந்து கூப்பிட்டார்கள். ஆணை கொடுப்பதற்கு முன் எழுத்து எப்படி என்று பார்க்க ஒரு செய்திக் குறிப்பு தயாரிக்கச் சொன்னார்கள். பொறுப்பின்றி நடந்த தொட்டிப் பணியாளர் நீக்கம். உத்தரவு இன்னும் கையெழுத்தாகவில்லை. தேதியை மட்டும் விட்டுவிட்டு எழுதச் சொன்னார் இன்ஜினீயர். "உனக்குத்தான் முன்னாடியே எழுதிப் பழக்கமாச்சே" என்றார். நல்ல மனுஷர் மாதிரி முதுகில் தட்டினார்.

எழுதினேன் பாட்டி. பொய் சொல்லப்போவதில்லை. அத்தையின் பெயரையும் வயதையும் எழுதி, 'நீக்கப்பட்டார்' என்றும் எழுதிவிட்டேன். பிறகு அங்கே உட்கார முடியவில்லை. பாத்ரூம் போவதாகச் சொல்லி வெளியே வந்து, நேராகப் பேப்பர் ஆபீசுக்குப் போனேன். வந்த செய்திகளைக் கம்பியில் குத்தி, மாதம் முடிந்ததும் கட்டி வைப்பார்கள். பிப்ரவரிக் கட்டை அவிழ்த்துத் தேடினேன். என் பேக்ஸ் தாள் இருந்தது. எழுத்து மங்கத் தொடங்கியிருந்தது, ஆனால் தலையில் இயந்திரமே அடித்த தேதி தெரிந்தது: பிப்ரவரி 6, மாலை 4.10. விழா நடந்தது ஏழாம் தேதி. அதை நகல் எடுத்து, 'நான் விழாவுக்குப் போகவில்லை, ஆய்வாளர் வந்ததை யாரும் பார்த்து எழுதவில்லை, அழைப்பிதழைப் பார்த்து எழுதினேன்' என்று கையெழுத்துப் போட்டு விசாரணை அதிகாரியிடம் கொடுத்தேன். அவர் தாளை இரண்டு முறை திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

ஆசிரியர் என்னை வெளியே அனுப்பிவிட்டார். "எல்லாரும் பண்றதுதான். நீ ஏம்மா சொன்ன?" என்று மட்டும் கேட்டார். வாரிய வேலையும் இல்லை. இங்கே ஒரு வாரப் பத்திரிகை இருக்கிறது, நாலு பக்கம், ஒரு மேஜை. நேரில் போய்ப் பார்த்து எழுதினால் போடுகிறேன் என்றிருக்கிறார் அதன் உரிமையாளர். போகிறேன்.

இன்னும் ஒன்று பாக்கி. அந்தத் தாளை எழுதியது அப்பா இல்லை. நான். ஏப்ரல் பத்தாம் தேதி எழுதிக் கொடுத்தேன். இன்ஜினீயர்தான் வழி சொன்னார். பாட்டி சாட்சி சொன்னால் நான் மாட்டுவேன், நினைவு சரியில்லை என்று வீட்டிலிருந்து ஒரு வரி போதும் என்றார். அப்பாவுக்கு போனில் சொன்னேன். என்ன எழுதினேன் என்று கேட்டார். பிறகு, "அம்மா கேட்டா நான் எழுதினதாவே இருக்கட்டும். உன்மேல அவங்களுக்கு இருக்குறது போயிடக்கூடாது" என்றார். அவரோடு பேசுங்கள் பாட்டி.

என்னை மன்னியுங்கள்.

உங்கள் பேத்தி

•

ஜூன் 12

பேத்திக்கு,

உன் கடிதம் வந்து பதினேழு நாள் ஆகிறது. பதில் யோசிக்க அத்தனை நாள் தேவைப்படவில்லை. உத்தரவு கையில் வந்த பிறகு எழுதலாம் என்று இருந்தேன். நடந்த பிறகு எழுதுவதுதான் என் வழக்கம்.

உன் அத்தை நேற்று வேலையில் சேர்ந்தாள். போலீஸில் எழுதினதை அடித்துவிட்டார்கள். தையல்காரி வீடு தேடி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆய்வாளரை வேறு ஊருக்கு மாற்றியிருக்கிறார்கள். அங்கேயும் வராமலிருப்பார். மனுஷி கண்ணால் பார்த்துச் சொன்னது செல்லவில்லை, மிஷின் அடித்த தேதி செல்லுபடியானது. அந்த அதிகாரிக்குப் பெண்டாட்டி பிள்ளைகள் இருந்தால், அவர்களும் தலையில் தேதி அடித்துக்கொண்டுதான் பேச வேண்டும்.

உன் பழைய பேப்பர் திருத்தம் போட்டது. ஏழாம் பக்கம், காணாமல்போன சான்றிதழ் விளம்பரத்துக்குக் கீழே. 'தவறுதலாக' இடம்பெற்றுவிட்டதாம். பதினோரு வருஷத்துப் பெருமை போயிற்று, பாவம். நீ எழுதிய வாரப் பத்திரிகையும் வந்தது. மூன்றாம் பக்கத்தில் சாக்கடை அடைப்பைப் பற்றி எழுதியிருக்கிறாய். எந்த வீட்டு முன்னால், எத்தனை நாளாக, யார் வந்து பார்த்தார்கள், யார் வரவில்லை என்று இருக்கிறது. நாற்றமும் இருக்கிறது. படித்தேன். குறை சொல்ல ஒன்றும் இல்லை.

உன் அப்பனோடு பேசினேன். முப்பத்து நாலு நாள் பேசாமலிருந்தவளுக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. "இன்னும் கொஞ்சம் போடவா?" என்று கேட்டேன். தட்டைப் பார்த்தபடி அழுதான். செய்யாததைச் செய்ததாக ஒத்துக்கொண்டு நின்ற மடையன். அவனை மன்னிக்க என்ன இருக்கிறது? அவன்தான் என்னை மன்னிக்க வேண்டும். மன்னித்துவிட்டான், அவனுக்கு அந்தக் கெட்ட பழக்கம் சின்ன வயதிலிருந்தே உண்டு.

உன் அத்தை உன்னை மன்னித்துவிட்டாளாம். எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன்.

நீ வேலையை விட்டாய், உண்மையைச் சொன்னாய். அதை நான் குறைத்துப் பேச மாட்டேன், யாரையும் பேசவிடவும் மாட்டேன். மைக் செட்காரர் உன்னைப் பற்றி ஏதோ இளக்காரமாகச் சொன்னார், அவர் கடை வாசலிலேயே கிழித்துவிட்டு வந்தேன். நீ வீட்டுக்கு வரலாம். உன் பாயும் தலையணையும் அப்படியே இருக்கின்றன. சாப்பாடு போடுவேன், தலைக்கு எண்ணெய் வைப்பேன். உடம்பு சுகமில்லையென்றால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். சளி பிடித்த நெஞ்சு உனக்கு, மழையில் நனையாதே.

ஆனால் நீ கேட்டது வேறு. அதற்கும் பதில் சொல்ல வேண்டுமல்லவா?

எனக்குப் படிப்பு இல்லை, நகை இல்லை, நிலம் இல்லை. இந்த ஞாபகம் ஒன்றுதான் என் சொத்து. அது இருக்கிறதென்று சொல்ல ஊரில் யாரும் வேண்டாம், இல்லையென்று எழுதிக் கொடுக்க நீ வந்தாய். வராத ஆய்வாளர், மூட்டை கொடுக்காத கை, டீ கொடுக்காத அதிகாரி, வழி சொல்லிக் கொடுத்த இன்ஜினீயர், காதை விட்டுப் படம் எடுத்தவன், எல்லோரையும் விட்டுவிட்டேன். அவர்கள் யாரும் என் மடியில் படுத்துக் கதை கேட்டவர்கள் இல்லை. சாகும்வரை நான் மன்னிக்காத ஆள் ஒரே ஒருத்தி: என் மகனுடைய மூத்த மகள்.